கொழிஞ்சாம்பாறையிலிருந்து டொராண்டோ வரை: தூரத்தையும் பயண நேரத்தையும் சரியாகக் கணக்கிட ஒரு வழிகாட்டி

ஒரு ஜனவரியில் அம்மாவைக் கனடாவில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போனேன். கோவையிலிருந்து டில்லிக்கு ஒரு டிக்கெட், டில்லியிலிருந்து டொராண்டோவுக்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். தனித்தனியாக எடுத்ததில் கொஞ்சம் பணம் மிச்சமானது. நடுவில் மூன்றரை மணி நேரம் இருந்தது. தாராளம் என்று நினைத்தேன். அன்று டில்லியில் பனிமூட்டம். காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் பத்தரை வரை கோவையிலேயே நின்றது. நாங்கள் டில்லியில் இறங்கியபோது டொராண்டோ விமானம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முதல் நிறுவனம் தன் பொறுப்பு டில்லியோடு முடிந்தது என்றது. இரண்டாவது நிறுவனம் நாங்கள் பயணத்துக்கு வரவில்லை என்று குறித்துக்கொண்டது. விதிப்படி இரண்டும் சரி. பணம் போனதைவிட, 68 வயது அம்மா அந்த இரவு முழுக்க மாத்திரைகள் வைத்திருந்த மஞ்சள் பையை மடியில் கட்டிக்கொண்டு, புடவைக்குள் காலை இழுத்துக்கொண்டு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டு எல்லையில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பெற்றோரைத் தூர தேசம் அனுப்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நான் போன டொராண்டோவையே எடுத்துக்கொள்கிறேன். ஊர் வேறானாலும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

1. தூரத்தை உலக உருண்டையில் பாருங்கள்

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் கொச்சியிலிருந்து டொராண்டோவுக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டால், அது அரபிக்கடலையும் ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் கடலையும் தாண்டிப் போகும். விமானம் அப்படிப் போவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் உலக உருண்டையை எடுத்து, ஒரு தையல் நூலின் ஒரு முனையைக் கொச்சியிலும் மறு முனையைக் டொராண்டோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் கடந்து, ஆர்க்டிக் பகுதியைத் தொட்டு, கிரீன்லாந்து வழியாக இறங்கும். அதுதான் மிகக் குறைந்த தூரம்: சுமார் 13,560 கிலோமீட்டர்.

கொச்சியிலிருந்து டொராண்டோவுக்கு இடையில் இறங்காமல் போகும் விமானம் கிடையாது. எங்காவது இறங்கி மாற வேண்டும். துபாய் வழியாகப் போனால் முதல் கட்டம் சுமார் 2,780, இரண்டாம் கட்டம் சுமார் 11,080, ஆக 13,860 கிலோமீட்டர். டில்லி வழியாகப் போனால் சுமார் 2,050 உடன் 11,640 சேர்ந்து 13,690. அதாவது மூன்று கணக்குக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசமே 300 கிலோமீட்டர்தான். விமானத்துக்கு அது இருபது நிமிட வேலை. ஆகவே "துபாய் சுற்று வழி, டில்லி நேர் வழி" என்று யாராவது சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கிழக்கே போகிறவர்களுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். கோவையிலிருந்து மெல்போர்னுக்கு நேர்த்தூரம் சுமார் 8,880 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் 9,200 வரும். மோசமில்லை. வளைகுடா வழியாக மெல்போர்ன் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். மேற்கே போய்த் திரும்பி அதே கடலைக் கடந்து வருவீர்கள்.

தேடும்போது விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். கொச்சிக்கு சி.ஓ.கே., கோவைக்கு சி.ஜே.பி., டொராண்டோ பியர்சனுக்கு ஒய்.ஒய்.இசட். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஒரு நகரம் உண்டு, அதற்கு விமான நிலையமும் உண்டு. பெயரை மட்டும் நம்பிப் பதிவு செய்தால் கஷ்டம்.

2. தூரத்திலிருந்து பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்தால் ஓரளவு சரியான விடை வரும். துபாய்–டொராண்டோ 11,080 கிலோமீட்டருக்கு இப்படிப் போட்டால் பதின்மூன்றரை மணி நேரம். நடைமுறையில் போகும்போது 14 மணி நேரம் ஆகும். திரும்பும்போது பன்னிரண்டரையில் வந்துவிடும். மேல் வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளும். கொச்சி–துபாய் சுமார் 4 மணி நேரம்.

இந்திய விமானங்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. 2025 ஏப்ரல் இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடிய பிறகு, டில்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பழைய பயணக் கட்டுரைகளில் இருக்கும் நேரத்தை நம்பாமல், நீங்கள் எடுக்கும் டிக்கெட்டில் போட்டிருக்கும் மொத்த நேரத்தையே பாருங்கள்.

3. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். டொராண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள்.

கோடைக்காலத்தில் ஒரு மாதிரிக் கணக்கு. கொச்சியில் 15-ஆம் தேதி அதிகாலை 4:30-க்கு ஏறுகிறீர்கள். துபாயில் 7:00 மணிக்கு இறங்கி, 10:00 மணிக்கு அடுத்த விமானம். டொராண்டோவில் அதே 15-ஆம் தேதி மாலை 4:00 மணிக்கு இறங்குகிறீர்கள். தாளில் பார்த்தால் பதினொன்றரை மணி நேரப் பயணம். அதோடு ஒன்பதரையைக் கூட்டினால்தான் உண்மை தெரியும்: 21 மணி நேரம்.

திரும்பும்போது இதற்கு நேர் எதிர். திங்கள் இரவு 10:00 மணிக்கு டொராண்டோவில் ஏறினால், செவ்வாய் மாலை துபாய், புதன் அதிகாலை கொச்சி. பயணம் இருபது மணி நேரத்துக்குள்தான். ஆனால் நாட்காட்டியில் இரண்டு தேதி நகர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

4. அதிகாலை விமானமா? முந்தைய நாளே கிளம்ப வேண்டும்

நம் பக்கத்திலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி என்று இருக்கும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று கேட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். 15-ஆம் தேதி அதிகாலை 4:30 என்றால் 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்ததும் வீட்டைப் பூட்ட வேண்டும்.

நாட்காட்டியில் விமானத் தேதியை எழுதாதீர்கள். வீட்டிலிருந்து கிளம்பும் தேதியையும் மணியையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான்: "14, வெள்ளி, இரவு 8:30, வண்டி வாசலில்." டிக்கெட்டைவிட அந்த ஒரு வரி எங்களுக்கு அதிகம் உதவுகிறது.

5. கோவையா, நெடும்பாசேரியா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவை விமான நிலையம் வேலந்தாவளம் வழியாக 50 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி 120 கிலோமீட்டருக்கு மேல். பக்கம் என்பதற்காகக் கோவையைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் கோவையிலிருந்து நேராகப் போகும் வெளிநாட்டு ஊர்கள் சிலவே: சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி. மற்ற ஊர்களுக்கு முதலில் சென்னை, பெங்களூரு, மும்பை, டில்லி என்று ஓர் உள்நாட்டு விமானம் ஏறி இறங்க வேண்டும். கிழக்கே போகிறவர்களுக்குச் சிங்கப்பூர் விமானம் இருப்பதால் கோவை நல்ல வழி. மேற்கே போகிறவர்களுக்கு, அதிலும் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு, நெடும்பாசேரியில் ஏறி வளைகுடாவில் ஒரே ஒரு முறை மாறுவதுதான் நிம்மதி என்பது என் முடிவு. சாலையில் கூடுதலாகப் போகும் இரண்டு மணி நேரத்தை, ஒரு விமானம் குறைவதிலேயே மீட்டுவிடலாம்.

சாலை விஷயத்தில் கவனம் வேண்டும். பாலக்காடு போய்த் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்; கொல்லங்கோடு, நெம்மாறை வழியாக வடக்கஞ்சேரியிலும் பிடிக்கலாம். அங்கிருந்து குதிரான் சுரங்கம், மண்ணுத்தி, பாலியேக்கரை, சாலக்குடி, அங்கமாலி. சாலை காலியாக இருந்தால் மூன்று மணி நேரம். சாலக்குடிப் பக்கம் அடிப்பாதை வேலை நடந்த மாதங்களில் அந்தக் கணக்கெல்லாம் உடைந்துபோனது. நான் எப்போதும் நான்கரை மணி நேரம் வைக்கிறேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அங்கே உட்கார்ந்திருக்கலாம்; தாமதமானால் ஒன்றும் செய்ய முடியாது. ரயிலில் போகிறவர்கள் ஒலவக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஜங்ஷனில் ஏறி அங்கமாலியிலோ ஆலுவாயிலோ இறங்கி ஆட்டோவோ டாக்ஸியோ பிடிக்கலாம். செலவு குறைவு. ஆனால் நான்கு பெட்டியும் அம்மாவும் என்றால் வேண்டாம்.

டாக்ஸி பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். திரும்பி வரும் தூரத்துக்கும் சேர்த்தா வாடகை? சுங்கக் கட்டணம் யார் பொறுப்பு? கோவைக்குப் போவதானால் மூன்றாவதாக ஒரு கேள்வி: தமிழ்நாட்டுக்குள் போக பர்மிட் இருக்கிறதா? கேரளப் பதிவு வண்டி பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிப் பிடிபட்டால், அபராதம் ஓட்டுநருக்கு, தாமதம் உங்களுக்கு. விமானத்துக்குப் போகும் இரவில் வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் நின்று வாதாட யாருக்கும் நேரம் இருக்காது.

6. முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை ஒரே பதிவு எண்ணில் டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊரில்தான் வரும். தனித்தனி டிக்கெட்டில் நடுவில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று செக்-இன் செய்ய வேண்டும். டில்லியிலும் மும்பையிலும் உள்நாட்டு விமானம் ஒரு முனையத்தில் இறங்கி, வெளிநாட்டு விமானம் வேறு முனையத்தில் கிளம்பலாம். நடுவே சாலை வழியாகப் போக வேண்டும். வெளிநாட்டில் இப்படி மாறுவதானால் அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம்.

சில இணையதளங்கள் இரண்டு நிறுவன டிக்கெட்டை ஒட்டி ஒரே விலையாகக் காட்டும். "நீங்களே மாறிக்கொள்ள வேண்டும்" என்ற குறிப்பு சின்ன எழுத்தில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் அதைத் தேடிப் படியுங்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் நடுவில் மாறும் நேரம் இரண்டு மணிக்குக் குறையாமல் பாருங்கள். வயதானவர்களுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் நல்லது. எட்டு மணி நேரம் என்றால் அது வேறு வகைத் தண்டனை. நூறு டாலர் மிச்சமானாலும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வட இந்தியப் பனிமூட்டத்தை மனத்தில் வைத்து டில்லி வழியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஐரோப்பா வழியாகப் போவதானால், விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்பதை அந்த நாட்டின் தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

7. ஆவணங்கள்: எல்லைக்காரர்களுக்கு வரும் பெயர்ச் சிக்கல்

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு இதில் தனிச் சிரமம் உண்டு. தமிழ்நாட்டுச் சான்றிதழில் முருகன் என்ற பெயரின் 'க' ஒலிக்கு ஆங்கிலத்தில் ஜி போடுவார்கள். கேரளத்தில் மலையாள எழுத்தைப் பார்த்து எழுதுவதால் கே போடுவார்கள். தங்கவேல், பழனி, செல்வி என்று எல்லாப் பெயருக்கும் இரண்டு வடிவம் வந்துவிடும். பள்ளிப் படிப்பு பொள்ளாச்சியில், ரேஷன் கார்டு பாலக்காட்டுச் சித்தூரில் என்று வாழ்ந்தவர்களுக்கு ஆதார் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டை ஒரு மாதிரி இருக்கும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு பாஸ்போர்ட், பிறகு விசா, கடைசியில்தான் டிக்கெட். வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வேண்டி வரும்.

முகவரிக்கும் இதே கதை. ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி, குடியிருப்பு கேரளத்தில் என்றால், காவல்துறைச் சரிபார்ப்புக்கு யார் எங்கே வருவார்கள் என்பதில் வாரக்கணக்கில் இழுக்கும். எங்கே உண்மையில் குடியிருக்கிறீர்களோ அந்த முகவரியையே எல்லாவற்றிலும் கொடுங்கள்.

இனிஷியலை விரித்து எழுதிப் பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள். பெயர் ஒரு சொல்லாக மட்டும் இருந்து குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், பல இணையதளங்கள் டிக்கெட் பதிவையே ஏற்காது. ஐக்கிய அரபு அமீரகம் அப்படிப்பட்ட ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கொடுப்பதை 2022 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பாஸ்போர்ட் முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்றால் விசாவுக்கு முன்பே புதுப்பியுங்கள்; கனடா விசா பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிப் போகாது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தட்கலில் 2,000 கூடுதல். கனடாவின் பார்வையாளர் விசாவுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. கைரேகை பத்து ஆண்டுக்குச் செல்லும். பெற்றோருக்கு சூப்பர் விசா எடுத்தால் ஒரே பயணத்தில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். மொத்தச் செலவில் அந்தக் காப்பீடும் ஒரு பெரிய தொகை. முன்கூட்டியே விலை கேட்டு வையுங்கள்.

அழைப்புக் கடிதம், காப்பீட்டுத் தாள், திரும்பும் டிக்கெட், பிள்ளையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் காகிதத்தில் அச்சிட்டுக் கைப்பையில் இருக்க வேண்டும். போனில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகு போனில் சார்ஜ் இருக்காது.

8. பெட்டி கட்டும்போது

கனடா டிக்கெட்டில் பொதுவாக 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி இருக்கும். மலிவு டிக்கெட்டில் ஒன்றுதான். கிலோவைப் பதிவு செய்யும்போதே பாருங்கள். விமான நிலையத்தில் கூடுதல் பெட்டிக்குக் கட்டும் தொகையில் இங்கே ஒரு மாதம் சாப்பிடலாம்.

தென்னந்தோப்பு ஊர்க்காரர்கள் கொப்பரையை வைக்காமல் இருக்க மாட்டார்கள். அது தீப்பற்றும் பொருள் என்று பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் கசகசா கொண்டுபோகவே கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா போட்டிருக்கிறதா என்று அம்மாக்களிடம் கேளுங்கள். கேட்காமல் தெரியாது. ஊறுகாயும் எண்ணெயும் பெரிய பெட்டியில்; கைப்பையில் வைத்தால் சோதனையில் நின்றுவிடும்.

9. எதை எப்போது செய்வது

பாஸ்போர்ட்டில் திருத்தம் இருந்தால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். விசா கைக்கு வந்த பிறகே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு எடுத்தால் போதும். ஓணம், கிறிஸ்துமஸ், வளைகுடாப் பள்ளி விடுமுறை இருக்கும் ஜூலை–ஆகஸ்ட் மாதங்களில் கொச்சி–வளைகுடாக் கட்டணம் ஏறிவிடும், அதோடு கனடா டிக்கெட்டும் ஏறும். வீல்சேர் வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பு. அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்குள் நடமாடுகிறவர்களும், நீண்ட தூரம் நடக்க முடியாதென்றால் கேட்கலாம். வளைகுடா விமான நிலையங்களில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு நடப்பது இங்கே ஒரு ஊருக்கு நடப்பது போல.

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு நெடும்பாசேரியின் மூன்றாம் முனையத்தில் இருங்கள். வெளிநாட்டு விமானங்கள் அங்கிருந்துதான். கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள். மூடியபின் கெஞ்சிப் பயனில்லை.

மேலே போட்ட மாதிரிப் பயணத்தை இப்போது வாசல் முதல் வாசல் வரை எழுதிப் பாருங்கள். 14-ஆம் தேதி இரவு 8:30-க்குக் கொழிஞ்சாம்பாறையில் வண்டி ஏறுகிறீர்கள். டொராண்டோவில் மாலை 4:00-க்கு இறங்கி, குடியேற்றச் சோதனையும் பெட்டியும் முடிந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம். தம்பி இருப்பது கிச்சனர் நகரம். காரில் இன்னும் ஒரு மணி நேரம். வீடு சேரும்போது அங்கே மாலை 6:30, இங்கே 16-ஆம் தேதி அதிகாலை 4:00. மொத்தம் முப்பத்தொன்றரை மணி நேரம். அதில் வானத்தில் இருப்பது 18 மணி நேரம்தான். சாப்பாடு, தூக்கம், மாத்திரை எல்லாவற்றையும் இந்த முப்பத்தொன்றரைக்குத் திட்டமிட வேண்டும்.

இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த நேரத்துக்கு எதைச் சாப்பிடுவது என்று கிளம்புமுன் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மருந்துச் சீட்டோடு மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் வேண்டாம். இரண்டாம் முறை போனபோது, போன் தானாக ஊருக்கு ஊர் நேரத்தை மாற்றிக் காட்டினாலும், அம்மாவின் கைக்கடிகாரத்தை மட்டும் நாங்கள் தொடவில்லை. கிச்சனர் வீட்டுக்குள் நுழையும் வரை அது கொழிஞ்சாம்பாறை நேரத்தையே காட்டியது. அதைப் பார்த்துத்தான் அவர் மாத்திரை போட்டுக்கொண்டார்.